மூணடிக்கு மேல வெலகினா

…இல்ல சார், நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. ஒரு மனுஷன் உயிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுறான். எதுக்க ஒருத்தன் பந்த வச்சிக்கிட்டு அவனத் தொட வர்றான். கொஞ்சம் வெலகி ஓடினா என்ன சார் தப்பு? அதுக்கும் ஒரு சட்டமாம்! வெலகலாமாம், ஆனா மூணடிக்கு மேல வெலகக் கூடாதாம். மூணடி! எவன் சார் அளந்தான்? ஓடுறவன் பின்னாடியே டேப்பப் புடிச்சிக்கிட்டு எவனாவது ஓடினானா?

என்ன வெளையாட்டா? பேஸ்பால் சார், பேஸ்பால். தெரியாதா? பரவால்ல, வெக்கப்படாதீங்க. அங்க வேலைக்குச் சேர்ற வரைக்கும் எனக்கும் தெரியாது. ஒண்ணுமில்ல, கட்டையால பந்த அடிக்கணும், அடிச்சிட்டு ஓடணும். மைதானத்துல நாலு மூல. மொதல் மூல, ரெண்டாவது, மூணாவது, அப்புறம் கெளம்பின எடத்துக்கே வந்து சேரணும். வந்துட்டா ஒரு ரன். இதோ, நாம உக்காந்திருக்கமே இந்த பஸ்ஸு, இது மாதிரிதான்னு வச்சிக்கங்க. ஊரச் சுத்தி சுத்தி கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கிது பாருங்க. மூலையில நிக்கிறப்ப தொட்டா ஒண்ணுமில்ல, நடுவுல பந்தோட எவனாவது தொட்டுட்டா ஓடுறவன் அவுட்டு. அவ்ளோதான் வெளையாட்டு. இதுக்குப் போயி இத்தாம் பெரிய புஸ்தகம் போட்டு வச்சிருக்கான்.

சார், அந்தக் கடிகாரத்த கொஞ்சம் எம்பக்கமா திருப்பி வைங்களேன். ரிப்பேர் கடையிலேர்ந்து எடுத்துட்டு வர்றீங்களா? நல்ல பெரிய கடிகாரம். இப்ப ஓடுதுல்ல? நாலு அஞ்சு. சரியான மணிதானே? ம்… ஒண்ணுமில்ல. சும்மா தெரிஞ்சிக்கலாமேன்னுதான்.

அந்தக் கண்டக்டரு எதுக்கு இங்கயே பாக்கறாருன்னு நெனைக்கிறீங்களா? அது ஒரு கத. நீங்க ஏறும்போதே அப்படித்தான் மொறைச்சிக்கிட்டு நின்னாரு. நாள் பூரா போற பாஸு வாங்கியிருக்கேன் சார். காலையில போவேன், மத்தியானம் போவேன், எனக்குத் தோணினா சுத்திக்கிட்டே இருப்பேன். இவருக்கு என்ன வலிக்குது? இவரு தோள்ல தூக்கிக்கிட்டா போறாரு? விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், மூணடி. நான் யாருன்னு சொல்லலையே உங்ககிட்ட. குழாய் ஃபேக்டரி இருக்கில்ல, அதோட மைதானம் நம்ம பொறுப்புதான். பதினெட்டு வருஷம். புல்லு வெட்டுறது, உருளைய இழுக்கறது, மண்ணு வாருறது, கோடு போடுறது எல்லாம் நான்தான். அதுலயும் கோடு சார்… சொல்லக் கூடாது, நானே சொல்லிக்கக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். நான் கோடு போட்டா நேரா இருக்கும். ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சி, நூலு கட்டி, சுண்ணாம்பு வண்டியத் தள்ளிக்கிட்டு மூச்சப் புடிச்சி நடப்பேன். எம் பொஞ்சாதிகூட சொல்லுவா, கோட்டத் தவிர எதுலயும் இந்த மனுஷன் நேரா போனதில்லன்னு. அவ வாய்க்கு என்ன, எதையாவது சொல்லுவா.

மாசத்துக்கு ரெண்டு மேட்ச்சு. எங்க ஃபேக்டரி ஆளுங்களும் பக்கத்து ஃபேக்டரி ஆளுங்களும் ஆடுவாங்க. ஆடுறது ஒரு மணி நேரம், சண்ட ரெண்டு மணி நேரம். எல்லாம் இந்த மூணடியாலதான். 'அவன் வெலகினான்', 'இவன் வெலகல', 'உங்கப்பன் வெலகினான்'னு ஒரே கூச்சல். அம்பயரு யாரு தெரியுமா? எங்க ஃபேக்டரியில செக்கிங் செக்‌ஷன்ல இருக்கற ஆளு. குழாய் மரையில ஒரு முடி அளவு கீறல் இருந்தாலும் கண்ணாடிய வச்சிப் பாத்து தூக்கிப் போட்டுடுவாரு. பூதக்கண்ணாடின்னுதான் நாங்க கூப்புடுவோம். முன்னாடி இல்ல, முதுகுக்குப் பின்னாடி. ஞாயித்துக்கெழம வந்தா அவருதான் அம்பயரு. சிரிக்க மாட்டாரு, பேச மாட்டாரு, தண்ணி குடுத்தாக் கூட அதுல தூசி இருக்கான்னு பாத்துட்டுதான் குடிப்பாரு.

அவருகிட்ட ஒரு தடவ கேட்டேன் சார். ஏன்யா, எதுக்க வர்றவனுக்கு வழி விடணும்னா வெலகித்தானே ஆகணும்னு. அதுக்கு அவரு சொல்றாரு, ஒருத்தன் பந்தப் புடிக்கறதுக்காக வழியில நின்னா அவன இடிக்காம எவ்ளோ வேணா சுத்திப் போலாமாம், அதுக்கு மூணடி கணக்கு கெடையாதாம். பந்தோட தொட வந்தான்னா மட்டும்தான் மூணடியாம். அதாவது மரியாதைக்கு வெலகலாம், பயத்துக்கு வெலகக் கூடாது! எப்படி இருக்கு? மனுஷன் மனசுக்குள்ள பூந்து மரியாதையா பயமான்னு பாக்கறதுக்கு இவரு என்ன எக்ஸ்ரே எடுக்கறவரா?

இன்னொண்ணு கேளுங்க. எங்க டீம்ல ஒரு தூங்குமூஞ்சி இருக்கான். லேத் ஓட்டுறவன். ஒரு மேட்ச்சுல மொதல் மூலைய தாண்டி ரெண்டாவதுக்குப் போயிட்டிருந்தான். என்ன நெனைச்சானோ, தான் அவுட்டுன்னு அவனா முடிவு பண்ணிக்கிட்டான். பாதி வழியில அப்படியே திரும்பி, மெதுவா நடந்து, பானையாண்ட போயி தண்ணி மோந்து குடிக்கறான். பூதக்கண்ணாடி கைய தூக்கிட்டாரு, அவுட்டு! 'என்ன சார், என்ன யாரும் தொடவேயில்லையே'ங்கறான் இவன். தொட வேணாமாம். போக வேண்டிய எடத்துக்குப் போகாம பாதியில விட்டுட்டு நடந்துட்டா, அவன் தானாவே அவுட்டாம். நாங்க சிரிச்சோம் பாருங்க… வயிறு புண்ணாப் போச்சு. ஒரு மாசம் அவன் தண்ணி குடிக்கப் போனாலே எல்லாரும் கைய தூக்குவோம்.

சிரிக்கலாம் சார், தப்பில்ல. ஆங், இது என்ன ஸ்டாப்பு? மார்க்கெட்டா? சரி சரி, அதுக்கு இன்னும் நாலு ஸ்டாப்பு இருக்கு. எதுக்கா? எதுக்குமில்ல.

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். பேக்கிங் செக்‌ஷன். தற்காலிகம். ஆனா ஓட்டம்னா ஓட்டம் சார் அது! கால் தரையில படுதா இல்லையான்னே தெரியாது. என்ன ஒண்ணு, நேரா ஓட மாட்டான். ஒவ்வொரு மூலையிலயும் அகலமா வளைச்சிக்கிட்டு, லாரி திரும்பற மாதிரி திரும்புவான். எத்தன வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டான். அவன் யாருன்னு கேக்கறீங்களா? எம் பொண்ணு வீட்டுக்காரன்.

அட, அப்படிப் பாக்காதீங்க. எம் பொண்ணு தையல்காரி. டீமுக்கு சட்ட தைக்கறதுக்கு அளவெடுக்க மைதானத்துக்கு வந்தா. பதினாலு பேருக்கு அளவெடுத்தா. பதிமூணு பேருக்கு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். இவனுக்கு மட்டும் முக்கா மணி நேரம். நான் அங்கதான் சார் புல்லு வெட்டிக்கிட்டு இருந்தேன்! கண்ணு முன்னாடி! அளவெடுக்கப் போனவ ஆளையே எடுத்துக்கிட்டு வந்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவங்கம்மாகிட்ட கேட்டிருக்கா, பக்கத்து வீட்டுல கேட்டிருக்கா, பூதக்கண்ணாடிகிட்ட கூட கேட்டிருக்கா, பையன் எப்படின்னு. கீறல் எதுவும் இல்லன்னு சொன்னாராம் அவரு. நான் ஒருத்தன்தான் ஊர்ல கடைசி.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் சார். அவன நான் பேர் சொல்லியும் கூப்புட்டதில்ல, மாப்ளன்னும் கூப்புட்டதில்ல. 'இந்தாப்பா', 'யாருப்பா அங்க', 'அந்த உருளைய இப்படித் தள்ளு'. அவ்ளோதான். அவனும் சளைக்காம வருவான். காலையில ஷிஃப்டுக்கு முன்னாடி வந்து மண்ணு வாருவான். ஆணிய நான் ஒரு பக்கம் அடிச்சா இன்னொரு பக்கம் நூலப் புடிச்சிக்கிட்டு நிப்பான். வாயத் தொறக்க மாட்டான். நான் என்ன கேட்டனா அவன? நூலப் புடின்னு நான் சொன்னனா? எதுக்குப் புடிக்கறான்? அந்த நல்ல பிள்ளத்தனம்தான் சார் எனக்குப் புடிக்காது.

கொட்டாவி வருதா? இருங்க, இனிமேத்தான் இருக்கு.

போன மாசம் கடைசி மேட்ச்சு. பெரிய மேட்ச்சு. மேனேஜர் அதுக்கு முன்னாடி இவனக் கூப்புட்டு சொன்னாரு, 'தம்பி, இத மட்டும் ஜெயிச்சிக் குடு, பேக்கிங்ல ஒரு நிரந்தர எடம் காலியா இருக்கு, உன் பேர எழுதறேன்'னு. எம் பொண்ணு கண்ணுல அன்னிக்குப் பாத்தேன் சார்… வாடக வீட்டுல, தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்க எடமில்லாம இருக்குதுங்க. நிரந்தரம்னா ஃபேக்டரி குவாட்டர்ஸு. எங்க வீட்டுலேர்ந்து மூணாவது தெரு. எம் பொஞ்சாதி போயி ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டே வந்துட்டா.

மேட்ச்சு வந்துச்சு. நாங்க அடிக்கற கடைசி வாட்டி, ரெண்டு பேரு அவுட்டு, இன்னொருத்தன் அவுட்டானா முடிஞ்சிது, ஒரு ரன் பின்னாடி இருக்கோம். முன்னாடி போனவன் ஒருத்தன் மூணாவது மூலையில நிக்கிறான். இவன் அடிச்சான் பாருங்க ஒரு அடி! பந்து வேலியாண்ட போச்சு. மூணாவதுல நின்னவன் கெளம்பின எடத்துக்கு வந்து சேந்துட்டான், சமம். இவன் மொதல் மூல தாண்டிட்டான். ரெண்டாவதுல வழக்கம் போல லாரித் திருப்பம். திரும்பி மூணாவதுக்கு ஓடுறான். இவனும் சுத்தி வந்துட்டா ஜெயிச்சோம். அங்க ஒரு ஒட்டடக்குச்சி நிக்கிறான், அந்த டீம்காரன், கையி மட்டும் ரெண்டு முழம். அவன் கைக்கு பந்து வந்துருச்சு. பந்தோட இவன் மேல பாயறான். இவன் என்ன பண்ணான்? சடார்னு உள்பக்கமா ஒரு வெட்டு வெட்டி, கோட்டுக்குள்ள வந்து, ஒட்டடக்குச்சி கைக்குச் சிக்காம மூணாவது மூலைய தொட்டுட்டான். ஜனம் எல்லாம் எந்திரிச்சி நிக்கிது! நான் துடப்பத்தத் தூக்கிக் கத்தறேன்!

பூதக்கண்ணாடி கைய தூக்கிட்டாரு. அவுட்டு. சமமா நின்னதுல கூடுதல் ஆட்டத்துக்குப் போச்சு. அதுல தோத்தோம்.

ஏன் அவுட்டுன்னா, ஓடுறவனோட பாதைங்கறது தரையில இல்லையாம் சார். கோட்டுல இல்லையாம். தொட வர்ற அந்த நிமிஷத்துல அவன் எங்க இருக்கானோ, அங்கேர்ந்து போற மூலைக்கு ஒரு நேர்கோடு. அதுதான் அவன் பாதையாம். இவன் லாரித் திருப்பம் திரும்பினதுல ஆறடி வெளிய இருந்தான். அங்கேர்ந்துதான் அவன் பாத. அத விட்டுட்டு உள்பக்கமா அஞ்சடி வெட்டிட்டான். அஞ்சடி மூணடிய விட அதிகம். அவுட்டு. வெளியவே நேரா போயிருந்தா சறுக்கி விழுந்தாவது தப்பிச்சிருப்பானாம். உள்ள வந்ததுதான் தப்பாம். எல்லாரும் வெளிய போயி அவுட்டாவாங்க, இவன் ஒருத்தன்தான் உள்ள வந்து அவுட்டானான். இந்தக் கூத்த எங்க போயி சொல்ல!

என்ன கேட்டீங்க? எந்தக் கோடா?

நான் கோடுன்னா சொன்னேன்? ம்… சொல்லியிருப்பேன். ரெண்டாவது மூலைக்கும் மூணாவது மூலைக்கும் நடுவுல கோடே கெடையாதுங்கறீங்க? நீங்க எப்படி… ஓ, நான்தான் சொன்னனா, பாத தரையில இல்லன்னு. கவனிச்சிக் கேட்டுக்கிட்டுத்தான் வர்றீங்க, வாயத்தான் தொறக்க மாட்டேங்கறீங்க. ஆமா சார். அங்க கோடு கெடையாது. வெறும் மண்ணுதான். எந்த மைதானத்துலயும் அங்க கோடு போட மாட்டாங்க. அன்னிக்கு மட்டும் எங்க மைதானத்துல இருந்துச்சு. யாரோ போட்டிருந்தாங்க.

மணி என்ன? நாலு பதினஞ்சா? இந்தக் கடிகாரம் ரொம்ப வேகமா ஓடுது சார். இன்னொரு வாட்டி கடையில குடுத்துப் பாருங்க.

யாரோ என்ன யாரோ, நான்தான். வேற எவன் கோடு போடுவான் அங்க? பதினெட்டு வருஷமா மூணடி மூணடின்னு மண்டைய ஒடைச்சிக்கறானுங்களே, ஒரு உபகாரமா இருக்கட்டுமேன்னு போட்டேன். ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு நடுவுல நூலு கட்டி, அந்தப் பக்கம் மூணடி, இந்தப் பக்கம் மூணடி, ரெண்டு கோடு. அளந்து வச்சேன் சார். வண்டி வண்டியா சுண்ணாம்பு! பாக்கணும் நீங்க, அவ்ளோ அழகு. உள்ள இருந்தா சரி, வெளிய போனா அவுட்டு, சண்டையே இல்லன்னு நெனைச்சேன். பெரிய கண்டுபிடிப்பு கண்டுபுடிச்ச மாதிரி எனக்கு ஒரே பெரும. அந்தப் பெருமையிலதான் சார் புத்தி கெட்டுப் போச்சு.

அவன் நூலப் புடிச்சிக்கிட்டு நின்னான், அன்னிக்கும். காலையில ஆறு மணி. வேல முடிஞ்சி நிமிந்து பாத்தேன். என்னவோ மனசு எளகிப் போச்சு. 'இங்க வா மாப்ள'ன்னேன்.

ஆமா சார். மொத தடவ. ரெண்டு வருஷத்துல மொத தடவ. எனக்கே நாக்கு வழுக்கின மாதிரி இருந்துச்சு. அவன் அப்படியே நின்னான். நூலு கையிலேர்ந்து நழுவிப் போச்சு. 'மாப்ள, இந்த ரெண்டு கோட்டுக்குள்ள நீ வந்துட்டேன்னு வை, உன்ன எந்தக் கொம்பனும் அவுட்டு குடுக்க முடியாது. என்ன ஆனாலும் உள்ள வந்துடு. உன் மாமன் சொல்றேன்'னேன். 'சரிங்க மாமா'ன்னான். அந்த 'மாமா'வ அவன் எவ்ளோ நாளா வாயிலயே வச்சிருந்தானோ தெரியல… அப்படிச் சொன்னான்.

அவன் உள்ள வந்தான் சார். நான் சொன்னபடியே வந்தான்.

ஜன்னல சாத்தாதீங்க. காத்து வரட்டும். கண்ணுல தூசி.

இருங்க, அதுலயும் ஒண்ணு இருக்கு. இதோட போச்சுன்னா தெரியாம சொல்லிட்டேன்னு போயிடலாம். பூதக்கண்ணாடி எட்டு மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துட்டாரு. கோட்டப் பாத்தாரு. 'இத எவன்யா போட்டான்? இந்த வெளையாட்டுல இப்படி ஒரு கோடே கெடையாது, அழி'ன்னாரு. நான் விடல. மூணடின்னு நீங்கதானே சொல்வீங்கன்னு மல்லுக்கு நின்னேன். அப்பதான் சார் அவரு குனிஞ்சி, ஒரு குச்சிய எடுத்து, மண்ணுல கிழிச்சிக் காட்டுனாரு. ஓடுறவன் இங்க இருந்தா பாத இது, அங்க இருந்தா பாத அது, உன் கோட்ட நம்பி எவனாவது உள்ள வந்தா அவுட்டுதான்யான்னு சொன்னாரு. எட்டு மணிக்கு! மேட்ச்சு பத்து மணிக்கு! எனக்கு நல்லாவே புரிஞ்சிது.

துடப்பத்த எடுத்துப் பெருக்கினேன். வேண்டா வெறுப்பா பெருக்கினா சுண்ணாம்பு போகுமா? பாதி அப்படியே இருந்துச்சு. அவன் அப்பதான் வந்து பத்தடி தள்ளி உக்காந்து ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். பத்தடி சார். 'டேய், நான் சொன்னது தப்பு, உள்ள வராத'. ஒரே வாக்கியம். போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனா என்னமோ… ரெண்டு வருஷம் கழிச்சி இப்பதான் மாமனா நிமிந்து நின்னு ஒண்ணு சொல்லியிருக்கேன். ரெண்டு மணி நேரத்துல போயி, அது தப்புன்னு சொல்றதா? அவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது? எங்க அப்படி நடக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்.

நடந்துச்சு.

மேட்ச்சு முடிஞ்சதும் மேனேஜர் குதிச்சாரு. 'ஏன்யா உள்ள வந்த? எவன்யா உனக்குச் சொன்னது?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. நான் துடப்பத்தோட பக்கத்துலயே நிக்கிறேன். அவன் என்னப் பாக்கல சார். ஒரு தடவ கூட என் பக்கம் திரும்பல. 'எனக்கு விதி சரியா தெரியல சார், என் தப்பு'ன்னான். மாமா பேர சொன்னா மாமா வேல போயிடும்னு அவனுக்குத் தெரியும். அம்பயரு அழிக்கச் சொன்ன கோட்ட அழிக்காம விட்டவன வச்சிருப்பாங்களா?

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கேளுங்க. காதக் கழுவிட்டுக் கேளுங்க. 'நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேன் சார், இந்தப் பசங்க எங்க கேக்கறாங்க'ன்னேன்.

ஆமா. இதே வாயால.

விதியக் கூட ஒழுங்கா படிக்காதவனுக்கு எதுக்குய்யா நிரந்தரம்னு மேனேஜர் போயிட்டாரு. தற்காலிகமும் போன சனிக்கெழமையோட முடிஞ்சிது. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி ரயிலு. அவன் அண்ணன் இருக்கற ஊருக்குப் போறாங்க ரெண்டு பேரும். போனா போனதுதான். அந்த ஊருக்கு எட்டு மணி நேரம். எம் பொண்ணு எங்கிட்ட சொல்லல சார், அவங்கம்மாகிட்ட சொன்னா. மறுபடியும் நான்தான் கடைசி.

இந்தப் பையில என்னன்னு பாத்தீங்களா? அவன் ஷூ. அன்னிக்கு மைதானத்துலயே விட்டுட்டு வெறுங்காலோட போயிட்டான். கழுவி, அடியில இருக்கற ஆணியில சிக்கின சுண்ணாம்ப எல்லாம் ஊசியால நோண்டி எடுத்து, வெயில்ல காய வச்சி எடுத்துட்டு வந்திருக்கேன். காலையில எம் பொஞ்சாதி சொன்னா, 'ஷூ குடுக்கறதுக்கு நீங்க வேணாம், அத நானே குடுப்பேன். நீங்க போறது வாயத் தொறக்க'ன்னு. அந்த நிரந்தர எடத்துக்கு இன்னும் ஆள் போடலையாம், நாளைக்குத்தான் பேர் எழுதி அனுப்பறாங்களாம், அதையும் அவதான் விசாரிச்சிட்டு வந்தா. மேனேஜர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாரு. நான் போயி நடந்தத நடந்தபடி சொன்னா… அவருக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல? என் வேல போகும். போகட்டுமே, நூலும் ஆணியும் எங்கூடவா வரப் போகுது.

பொண்ணு வீடு எங்கயா? தண்ணித்தொட்டி ஸ்டாப்பு. ஆமா, இதே பஸ்ஸுலதான். ரெண்டு மணிக்கு ஏறினேன். தண்ணித்தொட்டி வந்துச்சு. எந்திரிச்சேன், உக்காந்துட்டேன். சரி, ஒரு சுத்து சுத்தி வந்து எறங்குவோம், அதுக்குள்ள என்ன பேசறதுன்னு யோசிச்சி வச்சிக்கலாம்னு நெனைச்சேன். வந்துச்சு. அப்பவும் எறங்கல. இப்ப மூணாவது சுத்து. கண்டக்டரு ஏன் மொறைக்கிறாருன்னு இப்பப் புரியுதா? என்ன யாரும் தொடல சார். யாரும் தொடவேயில்ல. நானாத்தான் பாதியில விட்டுட்டு சுத்திக்கிட்டு இருக்கேன். தூங்குமூஞ்சி பரவால்ல, அவனாவது தண்ணி குடிக்கப் போனான்.

என்ன சார், எந்திரிக்கிறீங்க? அதுக்குள்ளயா? தண்ணித்தொட்டியா! உங்க ஸ்டாப்பும் இதுதானா? மொதல்லயே சொல்றதுக்கென்ன, இவ்ளோ நேரம் என்ன பேச விட்டுட்டு… இருங்க, கால மடக்கிக்கிறேன், அப்படியே போயிடுங்க. முடியலையா? கடிகாரம் இடிக்குது. மெல்ல, மெல்ல, இப்பதான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க. சரி, நானே எந்திரிச்சி வழி விடறேன். மரியாதைக்கு வெலகலாம், அதுக்கு மூணடி கணக்கு கெடையாது. நீங்க போங்க. நான் அடுத்த சுத்துல…

அய்யய்யோ.

சார், கொஞ்சம் நில்லுங்க. வெளிய பாருங்க. அந்தத் தொட்டிக்குக் கீழ. ரெண்டு பெட்டி, ஒரு மூட்ட, தையல் மெஷின் தலைய துணியில சுத்தி இடுப்புல வச்சிருக்கா பாருங்க, அதுதான் எம் பொண்ணு. அது… அதுதான் அவன். ரயிலுக்குக் கெளம்பிட்டாங்க. இந்த பஸ்ஸுலதான் ஏறப் போறாங்க! சார், முன்வாசல்ல எம் பொண்ணு ஏறுறா. பின்வாசல்ல பெட்டியத் தூக்கிக்கிட்டு அவன் ஏறுறான். நடுவுல நான். இந்த நடைபாத மூணடி கூட இல்லையே சார், எந்தப் பக்கம் வெலகறது?

சார்… சார்?

போயிட்டாரு. கடிகாரத்தோட எறங்கிப் போயிட்டாரு.

…

வாங்க மாப்ள.

ஆமா, நான்தான். அந்தப் பெட்டிய எங்கிட்ட குடுங்க. குடுங்கன்னா! ஜன்னல் சீட்டு இப்பதான் காலியாச்சு, உக்காருங்க. இந்தாங்க உங்க ஷூ. ஏம்மா, அங்கயே நின்னு மொறைக்காத, மெஷின கீழ வச்சிட்டு நீயும் இப்படி வா. உனக்கும் சேத்துதான் சொல்றேன்.

இல்ல மாப்ள, ஸ்டேஷனுக்கு இல்ல. ரயிலு ஆறு மணிக்குத்தானே? மணி இப்ப நாலரை. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு தள்ளி ஃபேக்டரி. மேனேஜர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாரு. கோடு போட்டது நான், உள்ள வரச் சொன்னது நான், தப்புன்னு தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு நின்னது நான்னு அவருகிட்ட நானே சொல்றேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா பக்கத்துல நில்லுங்க, நூலப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்கள்ல, அது மாதிரி நின்னா போதும்.

கண்டக்டர் சார், இனிமே என்ன மொறைக்காதீங்க. ஃபேக்டரி வந்ததும் ஒரு பெல் அடிங்க. மூணு பேரும் எறங்கறோம்.